கழற்ற முடியாத பம்பர்

என் மச்சான் தமிழரசனின் மினி லாரிக்கு முன்பக்க பம்பர் செய்தது நான்தான். அதை வண்டியிலிருந்து கழற்ற முடியாதபடி செய்ததும் நான்தான். முதல் விஷயம் ஊருக்கே தெரியும். இரண்டாவது மூன்று மாதம் வரைக்கும் எனக்கு மட்டுந்தான் தெரிந்திருந்தது.

உத்திரமேரூரில் வந்தவாசி ரோட்டில் எத்திராஜ் அண்ணனின் வெல்டிங் பட்டறை. எனக்கு அங்கே இது இருபத்தோராவது வருஷம். பட்டறைக்கு வருகிற வண்டிகளில் பாதி பம்பருக்காகத்தான் வரும். கம்பெனி கொடுக்கிற பம்பர் எவனுக்கும் பிடிப்பதில்லை. ஒருவனுக்கு இரும்புக் குழாய் வளைத்துக் கொம்பு மாதிரி வேண்டும். இன்னொருவனுக்கு ஆறு லைட்டு வைக்கிற அளவுக்கு அகலம் வேண்டும். வண்டி முகத்தைப் பார்த்தால் எதிரில் வருகிறவன் ஒதுங்கணும் என்பார்கள். செய்து கொடுப்போம்.

போன வருஷம் ஒரு போலீஸ்காரர் வந்து பட்டறைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார். எனக்கு எழுத்து வசப்பட்டதே நாற்பதைத் தாண்டித்தான். அதனால் கண்ணில் படுகிற எதையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத்தான் நகர்வேன். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் ஐம்பத்திரண்டாவது பிரிவுப்படி குற்றம், வண்டிக்கு முன்னால் இரும்புக் கம்பி, கார்டு எதையும் கூடுதலாகப் பொருத்தக் கூடாது, மோதினால் எதிரே இருப்பவரின் உயிருக்கு ஆபத்து என்று போட்டிருந்தது. எத்திராஜ் அண்ணன் அதன் மேலேயே முருகன் காலண்டரை மாட்டினார்.

"இன்னாண்ணே, சட்டத்தை மறைக்கிற?" என்றேன்.

"கிழிச்சாத்தாண்டா குத்தம். முருகன் நின்னா குத்தமா?" என்றார்.

இந்தச் சட்டத்துக்காகவே எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. எந்த பம்பரையும் நாங்கள் வண்டியோடு சேர்த்து வெல்டு வைக்க மாட்டோம். நாலே நாலு போல்ட்டில்தான் நிற்கும். வருஷா வருஷம் வண்டி ஓடத் தகுதி என்று எஃப்.சி. சான்றிதழ் வாங்கக் காட்டுகிற நாள் வரும்போது டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவான். பத்து நிமிஷத்தில் நம் பம்பரைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பட்டறையில் தொங்குகிற வெறும் கறுப்பு பம்பரை மாட்டி அனுப்புவோம். அதற்கு எஃப்.சி. பம்பர் என்றே பேர். வண்டி பாஸாகி வந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிவிடுவோம். உத்திரமேரூர் வட்டாரத்தில் அந்தக் கறுப்பு பம்பர் அளவுக்கு எஃப்.சி. கொடுக்கிற பிரேக் இன்ஸ்பெக்டரைப் பார்த்த ஆள் கிடையாது.

தமிழரசன் என் மனைவி சாமுண்டீஸ்வரியின் தம்பி. வாலிபத்தில் இரண்டு வருஷம் எங்கள் பட்டறையில் என்னோடு வேலை செய்தான். கண்ணாடி பிடிக்கச் சோம்பல்பட்டு வாரத்துக்கு இரண்டு தரம் கண் வீங்கிப் படுத்துக்கொள்வான். அவன் வைத்த வெல்டு காக்கா எச்சம் மாதிரி இருக்கும். நான் வைத்தால் பின்னல் போட்டது மாதிரி வரிவரியாக விழும். அப்படிப்பட்டவன் இந்த வேலையை விட்டு டிரைவராகப் போனான், எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துப் பேசினான், நல்ல பேர் எடுத்தான், இப்போது சொந்தமாகப் பழைய மினி லாரி ஒன்று வாங்கிவிட்டான். பின்னல் போட்ட நான் அதே வெல்டிங் ராடைப் பிடித்துக்கொண்டு அதே இடத்தில் குந்தியிருக்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வீட்டில் நடப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சாயந்திரம் நான் உள்ளே நுழைந்தால் சாமுண்டி தலையைத் தூக்கிப் பார்க்க மாட்டாள். தெரு முனையில் அவன் ஹாரன் கேட்டால் போதும், அடுப்பில் டீக்குப் பாத்திரம் ஏறிவிடும். "என் தம்பி வரான்" என்று எதிர்வீட்டுக்காரிக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். அவன் உட்கார்ந்து இரண்டு கதை சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு அவளுக்கு இருக்கிறது என்பதே அவன் வந்தால்தான் எனக்கு ஞாபகம் வரும்.

தை மாதம் அவன் வண்டிக்கு பம்பர் கேட்டான். அவனுடைய கம்பெனி பம்பர் பாதி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நாள் உழைத்து, உள்ளபடியே நல்லதாகத்தான் செய்தேன். பொறாமை மனசில் இருந்தாலும் கை தப்பான வேலை செய்யாது. மூன்று குழாய், நடுவில் வளைவு, இரண்டு ஓரமும் மொழுமொழுவென்று. மாட்டுகிற அன்றைக்கு பெயின்டர் பிரஷ்ஷோடு வந்து நின்றான்.

"முன்னாடி இன்னா பேரு எழுதறது?"

"சாமுண்டீஸ்வரி துணை" என்றான் தமிழரசன்.

அந்த நேரம் பார்த்து அவளும் வந்தாள். இருபத்தோரு வருஷத்தில் நான் வேலை செய்கிற இடத்தை ஒரு தரம்கூட எட்டிப் பார்த்ததில்லை. அன்றைக்கு மஞ்சள், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் பட்டையில் சிவப்பு எழுத்தில் அவள் பேர் ஒவ்வொரு எழுத்தாக விழுந்ததை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். கண் கலங்கியது.

"என் பேரா? எனக்குன்னு இதுவரைக்கும் ரேஷன் கார்டுலதாண்டா பேரு கீது" என்றாள்.

"இனிமே வந்தவாசி வரைக்கும் எல்லாரும் படிப்பாங்கக்கா."

"பம்பரும் ஜோராக் கீது. நீயே டிசைன் சொன்னியா?"

"மாமா கைக்கா அது. நான் இன்னா சொல்றது?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ம். பாத்துக் கெட்டியா மாட்டுங்க" என்றாள். அவ்வளவுதான். தட்டை எடுத்துக்கொண்டு தம்பியோடு முன்சீட்டில் ஏறிச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டாள்.

வண்டி திரும்பி வந்ததும் அவர்கள் இரண்டு பேரும் எதிர்க்கடையில் ஜூஸ் குடிக்கப் போனார்கள். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். போல்ட்டை ஒரு தரம் முறுக்கிப் பார்க்கலாம் என்று வண்டிக்கு அடியில் நுழையப் போனவன், ராடையும் எடுத்துக்கொண்டு நுழைந்தேன். கெட்டியாகத்தானே மாட்டச் சொன்னாள்? நாலு நட்டையும், பம்பர் தகட்டையும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸையும் சேர்த்து, வெளியே தெரியாதபடி உள்பக்கமாக நாலு இடத்தில் டேக் வைத்தேன். சின்னச் சின்னப் புள்ளிதான், ஆனால் இறங்கிப் பிடிக்கும். மேலே கறுப்பு பெயின்ட் பூசினேன். எஃப்.சி. நாளில் அவன் ஸ்பேனரை வைத்துத் திருகித் திருகிப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. வெளியே வரும்போது மனசு கொஞ்சம் குளிர்ந்திருந்தது. அது உண்மை.

எஃப்.சி. நாள் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. அதே சமயம் நவரைப் பட்டத்து நெல் அறுப்பும் ஆரம்பிக்கவிருந்தது. பெருநகர் என்ற ஊருக்குப் பக்கத்து ரைஸ் மில்லில் அறுப்பு முடிகிற வரைக்கும் தினமும் நெல் ஏற்ற தமிழரசனைப் பேசி வைத்திருந்தார்கள். மில் மேனேஜர் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: சனிக்கிழமை எஃப்.சி. காகிதம் மேஜைக்கு வரணும், இல்லையென்றால் திங்கட்கிழமை வேறு வண்டி. சொந்த வண்டி வாங்கிய பிறகு அவனுக்கு வந்த முதல் பெரிய வேலை அது. வீட்டில் சாமுண்டி அந்த வாரம் பூரா அதையேதான் பேசினாள்.

வியாழக்கிழமை சாயந்திரம் வரைக்கும் லோடு இருந்ததால் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத்தான் வந்தான். பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் முன்னால் நிற்க வேண்டும்.

"ரெண்டு நிமிஷம் மாமா, நானே கழட்டிடறேன். நீ நாஷ்டா முடி" என்று ஸ்பேனரோடு குனிந்தான். போல்ட் அசையவில்லை. இன்னொரு போல்ட். அதுவும் அசையவில்லை. ஸ்பேனர் நழுவி முட்டியில் ரத்தம் வந்தது.

"துரு புடிச்சிக்கினு கீது போல" என்று எத்திராஜ் அண்ணன் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் படுத்தார். 

"வேதகிரி. இங்க வா."

நானும் அவர் பக்கத்தில் போய் மல்லாந்து படுத்தேன். டார்ச் வெளிச்சம் என் டேக் மேல் நின்றது. பெயின்ட்டை நகத்தால் சுரண்டியிருந்தார்.

"இது யார் கைடா?"

வெல்டரின் கையெழுத்தை இன்னொரு வெல்டருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "என் கைதாண்ணே" என்றேன்.

"ஏன்?"

"கெட்டியா இருக்கட்டும்னு."

"இருபத்தோரு வருசம் என்கிட்ட கீற. சேசிஸ் மேல கெட்டியா இருக்கட்டும்னு எவனாவது ராடு வெப்பானா?" அவர் என்னை நேராகப் பார்த்தார். நான் தலைக்கு மேலே நீண்ட கார்டன் ஷாஃப்ட் இரும்பைப் பார்த்தேன். "சரி, கிரைண்டரை எடு. நேரம் போவுது" என்று வெளியே உருண்டார்.

தமிழரசனும் ஒரு தரம் குனிந்து பார்த்தான்.  கட்டிங் வீலை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். நடுவில் சாமுண்டி போன் பண்ணினாள். "ஒண்ணும் இல்லக்கா, போல்ட்டு துரு. ஆய்டும், நீ பேஜாராவாத" என்றான்.

படுத்துக்கொண்டே அறுத்தேன். பொறி முகத்தில் விழுந்தது. நான் வைத்த டேக் என்னைப் பார்த்தே சிரித்தது. ஒன்றை எடுக்க அரை மணி நேரம் பிடித்தது. நாலும் அறுத்து பம்பரை இறக்கும்போது மணி ஒன்பதே முக்கால். சேசிஸில் நாலு இடத்தில் இரும்புக் குப்பை மொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. அதைத் தேய்த்துச் சமனாக்க நேரம் இல்லை. கறுப்பு பெயின்ட் அடித்தோம். எஃப்.சி. பம்பரை மாட்டினோம். வழியில் ஏதாவது ஆனால் கை வேண்டும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டான்.

எஃப்.சி. பார்க்கிற மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு அம்மாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். வெயிலுக்குத் தொப்பி, கையில் செல்போன். லைட்டு, ஹாரன், பின்பக்கம் ஒட்டியிருக்கிற சிவப்புப் பட்டை எல்லாம் பார்த்து ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்தார். முன்னால் வந்ததும் நின்றார். பம்பரின் இடது ஓரத்தில் ஒரு சொட்டை. அதை விரலால் தொட்டார். போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இந்தாப்பா, இங்க வா. இது போன செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளை வேன்." போனைத் திருப்பிக் காட்டினார். "இது புதன்கிழமை, தண்ணி வண்டி. இது உன் வண்டி. மூணுக்கும் அதே இடத்துல அதே சொட்டை. பேசாம இந்த பம்பருக்குத் தனியா ஒரு ஆர்.சி. புக் போட்டுக் குடுத்துடட்டுமா?"

வரிசையில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். தமிழரசனும் சிரித்தான். "மேடம், கம்பெனி பம்பர் ஒடைஞ்சி போச்சு, அதான்..."

"புதுசு வாங்கி மாட்டு. அது ஒண்ணும் பெரிய தப்பில்ல." அவர் குனிந்து பம்பருக்குப் பின்னால் கையை விட்டார். கையை எடுத்தபோது இரண்டு விரலும் கறுப்பு. "ஈரமா இருக்கே" என்று டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"சேசிஸ்ல வெல்டு வெச்சு அறுத்திருக்கு. எந்தப் பட்டறை?"

 பட்டறை பேரைச் சொன்னால் அண்ணனுக்கு நோட்டீஸ் வரும்.

"லோடு ஏத்திக்கினு ஆந்திராப் பக்கம் போனேன் மேடம்" என்றான் தமிழரசன் பட்டென்று. "பம்பர் ஆடிக்கினு இருந்திச்சு. ரோட்டோரம் ஒரு ஆளுகிட்ட ஒட்டச் சொன்னேன். பேரு கூடத் தெரியாது. எம்மேலதான் தப்பு."

"போல்ட்டுல மாட்டியிருந்தா கழட்டிட்டுப் போன்னு சொல்லியிருப்பேன். இது வண்டியோட முதுகெலும்பு. இங்க விரிசல் விட்டா எங்கயாவது நடுரோட்டுல இதே பம்பரைக் கையில வெச்சுக்கிட்டு நிப்ப. சுத்தமாத் தேய்ச்சு, கம்பெனி பம்பர் புதுசா மாட்டி எடுத்துட்டு வா." பன்னிரண்டு நாள் தள்ளி மறுதேதி கொடுத்தார்.

அந்த அம்மாள் பேசியதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

திரும்பி வரும்போது வண்டியை அவன் நிதானமாகவே ஓட்டினான். மில் மேனேஜரிடம் போனில் பேசினான். "பரவால்ல சார், வேற வண்டி போட்டுக்குங்க" என்றான். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டான்.

"மாமா, ஸ்ட்ராங்கா நிக்கணும்னா வெளிப்பக்கந்தான ராடு வெப்பாங்க? கழட்டக் கூடாதுன்னாத்தான் உள்பக்கம் வெப்பாங்க. ரெண்டு வருசம் உங்கூட நின்னுக்கினு இருந்தேன். வேலை வரல. பாக்க மட்டும் வந்துச்சு. இன்னா கோவம் எம்மேல?"

மூன்று மாதம் பூசி வைத்திருந்தது ஒரே கேள்வியில் உரிந்துவிட்டது. பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வேறு ஒன்று வந்தது.

"அவ பேரை நீ ஏண்டா போட்ட?"

"எங்கக்கா மாமா."

"எனக்குப் பொண்டாட்டிடா."

அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஏரிக்கரைத் திருப்பத்தில் கியரை மாற்றினான். பிறகு, "நீ போட்டிருக்கலாமே மாமா. ஊர்ல முக்காவாசி வண்டிக்கு பம்பர் பண்ணியிருக்க. எழுதுற ஆளும் பக்கத்துலயே நிக்கிறான். யாரு வேணாம்னாங்க?" என்றான். குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். 

நவரை அறுப்புக்கு பெருநகர் ஆள் ஒருவனின் லாரி போனது. தமிழரசன் சொந்த வண்டியை நிறுத்திவிட்டு யார் யார் வண்டிக்கோ ஆக்டிங் டிரைவராகப் போய்வந்தான். வேலை முடிந்ததும் தினமும் நான் அவன் வண்டிக்கு அடியில் படுத்து அந்த நாலு மொட்டையும் தேய்த்தேன். கையால் தடவினால் எங்கே இருந்தது என்று தெரியாத அளவுக்குத் தேய்த்தேன். இதற்குப் பேர் பிராயச்சித்தம் என்று சொல்ல மாட்டேன். அவன் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. அவன் வெறும் வண்டிக்காரனாக இருந்தபோதே அவன் மேல் பொறாமைப்பட்டேன். இப்போது நல்லவனாகவும் ஆகிவிட்டான். அதையும் என்னால் தாங்க முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் வண்டி பாஸானது. புது கம்பெனி பம்பர், உதடு இல்லாத வாய் மாதிரி, வெறுமனே. இன்ஸ்பெக்டர் அம்மாள் சேசிஸைத் தடவிப் பார்த்து, "இந்தத் தடவை நல்ல ஆளுகிட்ட குடுத்திருக்க" என்றாராம். தமிழரசன் மத்தியானம் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சிரித்தான். சாமுண்டி கறிக்குழம்பு வைத்து வடை சுட்டிருந்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் இலை போட்டாள். முதல் வடை அவன் இலைக்குப் போனது.

"எல்லாம் அந்த ஆந்திராக்காரனால வந்த வெனை. எவனோ ஒரு கம்மனாட்டி, என் தம்பி வண்டியில போய்ப் பத்தவெச்சான் பாரு. அறுப்பு லோடு பூரா எவனுக்கோ போச்சு. அவன் கை வெளங்குமா? அவன் கையில புழு வெக்க!"

என் கையில் சோறு இருந்தது.

"வுடுக்கா" என்றான் தமிழரசன், குனிந்தபடியே. "அவனுக்கு இன்னா கஷ்டமோ. அவனும் பாவம்."

அவன் என்னைத் திட்டியிருந்தால் நான் சாப்பிட்டு முடித்திருப்பேன். பாவம் என்றான். என் வீட்டில், என் மனைவி எதிரில், என் இலைக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொண்டு எனக்காகப் பரிதாபப்பட்டான்.

"ஆந்திராவும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றேன். "நான்தான் வெச்சேன். வேணும்னேதான் வெச்சேன்."

இதை மனசாட்சி உறுத்திச் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவன் மட்டும் நல்லவனாக இருந்துவிட்டுப் போகக் கூடாது என்றுதான் சொன்னேன்.

சாமுண்டி கரண்டியைக் கீழே வைத்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "த்தூ. நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாங்கிக்கொள்ள ஆயத்தமாகத்தான் இருந்தேன். எத்தனை வருஷம் கழித்து அவள் எனக்கென்று வாயைத் திறந்திருக்கிறாள்! அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தேன்.

அவள் அவன் பக்கம் திரும்பிவிட்டாள்.

"உனக்குத் தெரியுமாடா இது?"

அவன் இலையில் இருந்த வடையைப் பிய்த்தான்.

"தெரியும். மொகத்தைப் பாத்தாலே தெரியுது. தெரிஞ்சிக்கினே பன்னெண்டு நாளா என் வூட்ல குந்திக்கினு துன்னுக்கினு கீற. போல்ட்டு துருவாம்! ஆந்திராவாம்! என்கிட்டயே பொய்யி. நான் யார்டா உனக்கு? ரோட்ல போறவளா? உன்னைத் தூக்கி வளத்தவகிட்ட இன்னாத்தைடா மறைக்கிற?"

"அக்கா, நீ மாமாகூட சண்டை போடுவன்னுதான்..."

"நான் அந்த ஆளுகூட சண்டை போடுவேன், போடாத போவேன், அதை நீ யார்டா முடிவு பண்ண?"

அழுதுகொண்டே திட்டினாள். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காய்ச்சலில் கிடந்ததிலிருந்து ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டதை அவள் மறைத்து வாங்கிய அடி, அவன் கல்யாணத்துக்கு அவள் அலைந்தது, எல்லாம் வரிசையாக வந்தது. நடுநடுவே முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் இலையில் குழம்பு ஊற்றினாள், "துன்னு, ஏன் பாத்துக்கினு கீற" என்றாள், மறுபடி திட்டினாள். எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

நான் இலை முன்னால் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். சோறு ஆறிப்போனது. அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு திட்டு. மற்றதெல்லாம் அவனுக்குத்தான்.